எண்பத்தைந்தாவது கேள்வி

பிப்ரவரி 4, 1991, திங்கள்

தணிகாசலம் மனைவி பாஞ்சாலிக்கு இரண்டு ரவிக்கை வெட்டினேன். போன தீபாவளிக்கு எடுத்த அளவைவிட ஒரு அங்குலம் குறைந்திருக்கிறாள். "இன்னாடி, இளைச்சிட்ட?" என்றேன். "வயசாவுதில்லக்கா" என்று சிரித்தாள். முப்பத்திரண்டில் வயசாகிறதாம். அப்படியென்றால் நாற்பத்து நாலில் நான் என்ன, கிழவியா?

மத்தியானத் தபாலில் சென்னையிலிருந்து ஒரு கவர். பேராசிரியர் பாண்டுரங்கன் ஆய்வு மையம் என்று அச்சடித்தது. அவர் காலமாகி மூன்று மாதம் முடியப்போகிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் கத்தரியை அப்படியே வைத்துவிட்டேன். இருபதாம் தேதி நினைவுக் கூட்டம். எங்கள் ஊரில் நான்காவது சுற்று ஆய்வை இந்த வருஷமே நடத்துகிறார்கள். பொறுப்பு டாக்டர் மோகன். "தாங்கள் அவசியம் கலந்துகொள்ள வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. தாங்கள் என்றால் நான்தான். ஜெ. அமலா, எஸ்.எஸ்.எல்.சி., கள ஆய்வாளர். 1967, 1975, 1983 ஆகிய மூன்று சுற்றிலும் இந்த ஊரின் அறுபத்திரண்டு வீட்டுப் படியையும் மிதித்தவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் ஜெபகுமார் ஷிப்ட் முடிந்து வந்ததும் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். "பட்டுப் பொடவ கட்டிகினு போ" என்றார். கவரை அலமாரியில் பைபிள் பக்கத்தில் வைத்தவர் அவர்தான்.

பிப்ரவரி 11, திங்கள்

குடிக்கணக்கு எடுக்க வாத்தியார் ஒருவர் வந்தார். வெயில் பாவம், மோர் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே கேட்டு எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கை பரபரத்தது. உள்ளே வாங்க சார், அடுப்பங்கரையைப் பாருங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. அவருக்கு இன்னும் நூறு வீடு. அவர் வேலை தலையை எண்ணுவது. எங்கள் வேலை வேறு.

பிப்ரவரி 20, புதன்

காலை ஐந்தரைக்கு ஒரகடத்தில் பஸ் ஏறியவள் இப்போதுதான் வீடு திரும்பினேன். கால் வீங்கியிருக்கிறது, இருந்தாலும் எழுதாமல் படுக்க முடியாது.

அரங்கம் நிறைந்திருந்தது. டெல்லியிலிருந்து வந்தவர்கள், கல்லூரிப் பெண்கள், வெள்ளைக்காரர் இருவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக மேடையேறி அவர் வாழ்க்கையைச் சொன்னார்கள். வாலாஜாபாத் அரிசி மில் குமாஸ்தாவின் மகன், ஸ்காலர்ஷிப்பில் லண்டன் போனவர், அங்கேயே வேலை கொடுத்தும் வேண்டாமென்று திரும்பியவர். பஞ்சத்தைக் கிடங்கில் இருக்கும் மூட்டையை வைத்து அளந்த காலத்தில், கிடங்கை விடுங்கள், அடுப்பைப் பாருங்கள் என்று சொன்னவர். அவருடைய "பானைக் கேள்வி" இன்று பதினொரு நாடுகளில் கேட்கப்படுகிறது என்று ஒருவர் சொன்னபோது அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். பதினொரு நாடு. அதில் முதல் அடுப்பு எங்கள் தெருவில் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அவள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. நான் எழுதி வைக்கிறேன்.

1967. மழை பொய்த்து ஊரே காய்ந்து கிடந்தது. எனக்கு இருபது வயசு, படித்த பெண் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். பாரத்தில் "கடந்த ஒரு நாளில் எத்தனை வேளை உணவு உட்கொண்டீர்கள்" என்று இருந்தது. இதை யார் கேட்பார்கள் இப்படி? நான் புத்திசாலியாக நம் ஊர் வழக்கப்படி கேட்டேன்: "சாப்பிட்டாச்சா?" அறுபத்தொரு வீட்டில் "ஆச்சும்மா" என்றார்கள். அழகாக நிரப்பிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். "பக்கத்து ஊர்லல்லாம் பஞ்சம். உங்க ஊர்ல மட்டும் இல்ல. சரி. இந்த ஒரு வீட்ல மட்டும் ஏன் இல்லைன்னாங்க?"

"அங்க பெரியவங்க யாரும் இல்ல சார். நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு இருந்துது. அதுதான் சொல்லிச்சு."

பாரங்களை அடுக்கி மடியில் வைத்தார். பிறகு, "அமலா, நீ கேட்டது கேள்வி இல்லம்மா, வணக்கம். வணக்கம் வெச்சா யாராவது இல்லைன்னு சொல்வாங்களா? அந்தக் கொழந்தைக்கு இன்னும் மரியாதை தெரியல, அதனால உண்மையச் சொல்லிச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளிலிருந்து தினமும் உச்சி வெயிலில், மறுபடி அறுபத்திரண்டு வீடு. குடிக்கத் தண்ணீர் கேள், உட்கார், பிறகு பானையில் இப்போது என்ன இருக்கிறது, காட்டுகிறீர்களா என்று கேள். மூடியை நீ தொடாதே, அவர்கள் திறக்கும்வரை நில். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. இதுதான் அவர் சொன்னது. இருபத்தேழு வீட்டு உலையில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூரைக்கு மேல் புகை தெரிய வேண்டுமே, அதற்காக.

என் தப்பிலிருந்து பிறந்த கேள்வி அது. இருபத்து நாலு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையும்தான்.

மார்ச் 12, செவ்வாய்

புதிய பாரம் தபாலில் வந்தது. வழுவழுப்பான தாள், கம்ப்யூட்டர் அச்சு, எண்பத்து நாலு கேள்வி. டி.வி. உண்டா, சைக்கிள் உண்டா, ஃபேன் எத்தனை, கம்பெனிச் சம்பளம் எவ்வளவு. நாற்பத்தோராவது கேள்வி: வீட்டில் தினமும் எத்தனை வேளை உணவு? ஒன்று, இரண்டு, மூன்று, பொருந்துவதை வட்டமிடவும்.

பானையைக் காணோம். மூன்று தரம் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

மார்ச் 13, புதன்

வட்டமிடணுமாம். வட்டம்.

மார்ச் 25, திங்கள்

டாக்டர் மோகன் நேரிலேயே வந்துவிட்டார். நான் எழுதிய கடிதம் அப்படி. முப்பத்தைந்து வயசிருக்கும், கண்ணாடி, நல்ல மனுஷன் முகம். நல்ல மனுஷனாக இல்லாமல் இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"பானைக் கேள்விக்கு மட்டும் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகுது மேடம். அந்த நேரத்துல அடுத்த வீட்ல பாதி முடிச்சிடலாம். அதுவும் மத்தியானம் மட்டும்தான் கேக்க முடியும். அது பஞ்ச காலத்துக் கேள்வி. இப்ப பாதி வீட்ல குக்கர் இருக்கு, ஆம்பளைங்க கேன்டீன்ல சாப்பிடறாங்க. இந்தக் கம்பெனிப் பக்கத்து ஊர்ல பசி இருக்குன்னு நீங்க நெனைக்கறீங்களா?"

"நெனைக்கறதுக்கு நான் யாரு சார்? பாத்து எழுதறவ" என்றேன்.

சிரித்துவிட்டார். அவரும் பேராசிரியரின் மாணவர்தான். "சாரோட கேள்விய எடுக்கறது எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனா சாரே சொல்வார், பழசுன்றதுக்காக எதையும் வெச்சிருக்காதேன்னு." பேராசிரியர் அப்படித்தான் சொல்வார்.

கடைசியில் ஒரு ஏற்பாடு. இருபது வீட்டில் ஒரே நாளில் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்ப்பது. காலையில் அவர் பாரம், மத்தியானம் என் பானை. இரண்டுக்கும் விடை ஒன்றாக வந்தால் பானைக் கேள்வி போய்விடும். அவர் மையத்தில் மட்டுமல்ல, இதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் எடுத்துவிடுவார்களாம். நாள்: மே 23.

சரி என்று கை நீட்டி ஒப்புக்கொண்டேன். அவர் போன பிறகுதான் பயம் வந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ?

தைத்த துணி கொடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் கண் தன்னால் அடுப்பங்கரைப் பக்கம் போகிறது. எல்லா வீட்டிலும் மூலையில் அரிசி மூட்டை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நம் தெருவிலிருந்து மட்டும் பத்தொன்பது பேர் போகிறார்கள். எங்கள் வீட்டிலும்தான், ஜெபகுமாருக்கு நிரந்தரம் ஆகி ஆறு வருஷம். மகள் நிலா காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கி டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். பசி என்ற வார்த்தையை இந்த ஊர் மறந்துவிட்டது என்றால் அது நல்ல சேதிதானே. பேராசிரியர் இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவர் அவர்தான். நான் எதற்காக அடம் பிடிக்கிறேன்? அவருக்காகவா, எனக்காகவா?

தெரியவில்லை. இரண்டு டீ குடித்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முப்பது யூனிஃபாரம் முடிக்க வேண்டும்.

மே 22, புதன்

எழுதக் கை வரவில்லை. நேற்று இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை ரேடியோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. பஸ் இல்லை, கடை இல்லை. ஜெபகுமார் விடிந்த பிறகு நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், சொன்னதும் அவர்கள் முகம் மாறும். இப்படியா உலகத்துக்கு நம் ஊர் தெரிய வேண்டும்.

நாளைய சோதனை நடக்காது. அதைப் பற்றி நினைப்பதே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று நடந்தது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் டாக்டர் மோகனும் அவர் உதவியாளர் தென்றலும் இருபது வீட்டையும் முடித்துவிட்டார்கள். நாற்பத்தோராவது கேள்விக்கு இருபது வீட்டிலும் மூன்று வேளை என்று வட்டம். அவர் ஒரகடத்தில் ஓட்டல் பார்த்துச் சாப்பிடப் போனார். நான் பன்னிரண்டரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீடு பாஞ்சாலி. தண்ணீர் கேட்டேன், உட்கார்ந்தேன். "பானைல இப்ப இன்னா கீது, காட்றியாடி?" என்றேன். "துன்னாச்சுக்கா" என்றாள். நான் கேட்டது அதுவல்ல. நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சிரிக்கப் பார்த்தாள், பிறகு உள்ளே கை காட்டினாள். பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. காய்ந்தே போயிருந்தது. பக்கத்தில் முக்கால் மூட்டை அரிசி.

"அவரு கேன்டீன்ல துன்றாரு. புள்ளைங்க இஸ்கூல்ல சத்துணவு துன்னுதுங்க. என் ஒருத்திக்கு எதுக்குக்கா ஒல வெச்சிகினு?"

"அப்ப நீ இன்னா துன்ன?"

"காத்தால டீ குட்ச்சேன். ராத்திரிக்கு எல்லாத்துக்கும் சேத்து வடிப்பேன், அப்போ துன்னுவேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லாதக்கா, அவருக்குத் தெரிஞ்சா கத்துவாரு" என்றாள்.

இரண்டாவது வீடு, கவிழ்த்த பானை. மூன்றாவது வீட்டில் மாமியார் இருந்தார், அதனால் சோறு இருந்தது. நாலாவது, கவிழ்த்தது. ஐந்தாவது, காலையில் புருஷனுக்குக் கட்டிக் கொடுத்ததில் மிஞ்சிய ஒரு பிடி. வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்கு உறைக்கவில்லை. இருபது வீட்டில் பதின்மூன்று கவிழ்த்த பானை. மற்றபடி கம்பெனிக்குப் போகாத, நிலத்தில் வேலை செய்கிற வீடுகளில்தான் மத்தியானம் அடுப்பு எரிந்தது. அங்கே ஆம்பளை வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான், அதனால் அவளும் சாப்பிடுகிறாள்.

1967இல் அரிசி இல்லாமல் உலை வைத்தார்கள். இப்போது அரிசி இருக்கிறது, உலை வைக்கவில்லை.

டாக்டர் மோகன் திரும்பி வந்து நான் எழுதிய அட்டைகளைப் படித்தார். எழுந்து, மூன்று வீட்டுக்கு என்னோடு தானே வந்தார். மூன்றாவது வீட்டில் தண்ணீர் வாங்கியவர் அதைக் குடிக்காமல் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 12, புதன்

நேற்று பஸ் ஏறுமுன் அவர் சொன்னது: "இது நெஜம்தான் மேடம், நான் பாத்துட்டேன். ஆனா மையத்துக் கமிட்டில கேப்பாங்க. அரிசி இருக்கு, பணம் இருக்கு, சோம்பல்ல வடிக்கல, இதுல என்ன பொருளாதாரம்னு. அதுக்கு நமக்கு ஆதாரம் வேணும்."

சோம்பலாம். நாலு மணிக்கு எழுந்து அவனுக்கு வெந்நீர் போட்டு, ஷிப்ட் பஸ்ஸுக்கு அனுப்பி, பிள்ளைகளைக் கிளப்பி, மாட்டைக் கட்டி, தண்ணிக்கு நடந்து, தனக்கென்று வரும்போது மட்டும் சோம்பல் வந்துவிட்டதா? இத்தனை நாள் அவள் சோறு அவன் சோற்றின் ஓரமாக வெந்தது. அவன் சோறு கேன்டீனுக்குப் போனதும் இவளுடையதும் போய்விட்டது. ஒருத்திக்கும் தோன்றவில்லையே, தனக்காக ஒரு ஆழாக்கு போடலாமென்று. கோபமாக வருகிறது. இந்தப் பதின்மூன்று பேரையும் நிற்க வைத்துத் திட்ட வேண்டும் போல இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

ரூபாயின் மதிப்பை இரண்டாம் முறையாகக் குறைத்துவிட்டார்களாம். தங்கம் வெளிநாடு போகிறது என்கிறார்கள். டீக்கடை முழுக்கப் பொருளாதாரம்தான். இத்தனை வருஷம் நான் செய்வது என்ன வேலை என்று கேட்டவர்களெல்லாம் இப்போது, "இன்னா அமலா, ஒங்க சார் இருந்தா இன்னா சொல்லிருப்பாரு?" என்கிறார்கள். எனக்கெப்படித் தெரியும்.

மோகன் கடிதம். கமிட்டி ஆகஸ்ட் 7. "நான் எடுத்துச் சொன்னால் அது புள்ளிவிவரம். நீங்கள் வந்து சொல்லுங்கள்." நானா? அத்தனை படித்தவர்கள் நடுவில்?

ஜூலை 29, திங்கள்

இன்று அலமாரியில் தேடியது வேறு, கிடைத்தது வேறு. நூல்கண்டு தேடினேன். பழைய அளவு நோட்டுகள் கிடைத்தன.

பத்து வருஷமாக இந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் நான்தான் ரவிக்கை தைக்கிறேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். தேதி, மார்பு, இடுப்பு, கை, தோள். தீபாவளிக்கு, கிறிஸ்மஸுக்கு, கல்யாணத்துக்கு என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக அளந்து எழுதியது. பாஞ்சாலி பக்கத்தைத் திறந்தேன். அப்புறம் அந்தப் பதின்மூன்று பேருடையதையும் திறந்தேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெஷினில் கிடந்த துணி கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

அறைக்குள் நுழையும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. நீள மேஜை, ஐந்து பேர், சுவரில் பேராசிரியர் படம். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மோகன் பட்டியலை விளக்கினார். எதிர்பார்த்த கேள்வியை வழுக்கைத் தலை ஒருவர் கேட்டார். அரிசி மூட்டை இருக்கும் வீட்டில் ஒரு பெண் விரும்பிச் சமைக்காமல் இருந்தால் அது வறுமையா, சொந்த விருப்பமா? அவங்க ஒருவேளை நல்லாதான் இருக்காங்களோ என்னவோ. இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என் நாக்கை அவிழ்த்தது.

எழுந்து நின்று முதலில் 1967ஐச் சொன்னேன். நான் செய்த தப்பை. சாப்பிட்டாச்சா என்று கேட்டதை, அறுபத்தொரு பேர் ஆச்சு என்றதை, நாலு வயசுப் பெண் இல்லை என்றதை. "ஐயா, உங்க நாப்பத்தோராவது கேள்வி நான் அன்னிக்குக் கேட்டதுதான். அதே தப்பு. நான் கையால எழுதினேன், நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அவங்க நல்லா இருக்காங்களான்னு கேட்டீங்க. எனக்குப் பொருளாதாரம் தெரியாது, ரவிக்க தைக்கத் தெரியும்." அளவு நோட்டுகளை மேஜையில் வைத்தேன். பதின்மூன்று பேரில் பதினொரு பேர், புருஷனுக்குக் கம்பெனி வேலை கிடைத்த இரண்டு வருஷத்துக்குள் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இளைத்திருக்கிறார்கள். மத்தியானம் பானையில் சோறு இருந்த ஏழு வீட்டில் ஒருத்திகூட இளைக்கவில்லை. "அரிசி இருக்குதான்னு பாக்கச் சொல்லல எங்க சார். யாரு துன்னாங்கன்னு பாக்கச் சொன்னாரு."

வழுக்கைத் தலை நோட்டை எடுத்தார். தையற்காரி நோட்டு, எண்ணெய்க் கறை, ஓரத்தில் பட்டன் தைக்கிற ஊசி குத்தியிருந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பினார். எல்லாப் பக்கத்திலும் தேதி இருக்கிறதா என்று கேட்டார். "தேதி இல்லாம ஒரு எண்ணும் எழுதக் கூடாதுன்னு சார் பழக்கி வெச்சிட்டாரு" என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று.

முடிவைச் சொல்லவில்லை. பிறகு தெரிவிப்பார்களாம். தெரிவிக்கட்டும். இன்று நான் பேசினேன். அந்த அறையில், அந்தப் படத்துக்குக் கீழே நின்று பேசினேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தனியாகச் சிரித்தபடி வந்தேன். தாம்பரத்தில் ஏறிய அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

ஜெயித்தோம். பானைக் கேள்வி இருக்கும். எல்லா ஊர்ப் பாரத்திலும் இருக்கும். எண் எண்பத்தைந்து. கடைசியில் ஒட்ட வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஜெபகுமாரிடம் சொன்னேன். "கடசிப் பந்தில குந்தினாலும் எலை போட்டாங்க இல்ல" என்றார். இந்த மனுஷனுக்குச் சில நேரம் நல்லாப் பேச வருகிறது.

அளவு நோட்டுகளை மோகன் படியெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு சீட்டு: "அக்கா, இதில் ஒரு கட்டுரை இருக்கிறது. உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது." மேடம் போய் அக்கா வந்திருக்கிறது.

பாஞ்சாலியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். புரிந்ததோ இல்லையோ, "என் இடுப்பு அளவெல்லாம் டெல்லி வரிக்கும் போவுதா? இனிமே இழுத்துப் புடிச்சி அளக்காதக்கா" என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்

நான்காவது சுற்று ஆரம்பம். முதல் நாளே ஏழு வீடு. மழைக்கு முந்திய புழுக்கம். கையில் புதிய அட்டைகள், புதிய பென்சில். இந்த வேலைக்கென்றே பிறந்தவள் போல நடக்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டு நாள் மழையில் வெளியே போக முடியவில்லை, மெஷினில் தீபாவளித் துணி மலையாகக் கிடக்கிறது. நாற்பத்தெட்டு வீடு முடிந்தது. அந்த அறுபத்திரண்டு போக எங்கள் வீடும் கணக்கில் உண்டு. ஆனால் ஆய்வாளர் தன் வீட்டைத் தானே எழுதக் கூடாது என்பது பேராசிரியர் விதி. நம் வீட்டை மோகன் வந்து எழுதுவாராம். நாளையோ மறுநாளோ. வரட்டும், எழுத என்ன இருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் ஒரு மணிக்கு மோகன் வந்தார். ஜெபகுமார் ஷிப்டில், நிலா காஞ்சிபுரத்தில். நான் மெஷினில் இருந்தேன். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். எண்பத்து நாலு கேள்வியும் கேட்டார். நானும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன்.

பிறகு, "பானைல இப்ப என்ன இருக்குதுன்னு காட்டறீங்களாக்கா?" என்றார்.

"நான் சாப்ட்டாச்சு தம்பி" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. அவர் பென்சில் அசையவில்லை. எழுந்து நின்றார். மூடி இருக்கும் பக்கம்கூடப் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு, எத்தனை நேரமானாலும் நிற்கிறவர் போல நின்றார். நான் எத்தனை வீட்டில் இப்படி நின்றிருக்கிறேன். நிற்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. திறக்கிறவளுக்குத்தான் தெரியும்.

எழுந்து போய்க் காட்டினேன். கழுவிக் கவிழ்த்த பானை. காய்ந்திருந்தது.

அவர் எழுதினார். எண் 85: காலி. கழுவிக் கவிழ்த்தது. மணி 1.50. கீழே தேதி போட்டார். அட்டையை நீட்டினார், வீட்டுக்காரி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முகம் சுட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னையே பிடித்துவிட்டதே, அதைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்தபோது, சார், நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் பானையை நிமிர்த்தி, ஒரு ஆழாக்கு அரிசி அளந்து உலை வைத்தேன்.